பதினான்காவது தோல்விக்குப் பிறகு ஒரு தேங்காய்

தொடர்ந்து பதின்மூன்று ஆட்டங்களில் தோற்றால் அதற்குத் தோல்வி என்று பெயர். பதினான்காவதும் தோற்றால் அது 'பயணம்' ஆகிவிடும்.

மெல்பேர்ன் பெலிக்கன்ஸ் கழகத்தின் தலைமை நிர்வாகி ஜெரார்ட் வின்டர் அந்தத் திங்கட்கிழமை ஊழியர் எல்லாரையும் கூட்டி, "நாம் தோற்கவில்லை. ஒரு பயணத்தில் இருக்கிறோம்" என்று உருக்கமாகச் சொன்னார். பிறகு, அந்தப் பயணத்தில் எல்லாருக்கும் இருக்கை இருக்கும் என்று உறுதி தர முடியாது என்பதையும் அதே உருக்கத்தோடு சொன்னார். கடைசி வரிசையில் நின்ற தர்சினி அறையில் இருந்த இருக்கைகளை எண்ணிப் பார்த்தாள்.

ஃபூட்டி என்று இந்த ஊர் செல்லமாகச் சொல்லும் ஆட்டம் அப்படியொன்றும் கொடுமையானதல்ல. நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரக் கம்பத்துப் பக்கம் போனாலும், பாவம் முயற்சி செய்தானே என்று ஒரு புள்ளி கொடுத்துவிடுவார்கள். தவறுக்கும் புள்ளி கொடுக்கிற அப்படியொரு இரக்கமுள்ள ஆட்டத்தில்தான் பெலிக்கன்ஸ் பட்டியலின் அடியில் கிடந்தது.

விசாப் பத்திரத்தில் தர்சினி ஒரு மார்க்கெட்டிங் நிபுணர். நடைமுறையில், கோபம் கொண்ட உறுப்பினர்களுக்குப் பதில் சொல்கிறவள். முப்பது வருட உறுப்பினர் ஒருவர் தன் கழகத்துக் கழுத்துத்துணியை எட்டாகக் கத்தரித்துத் தபாலில் அனுப்பியிருந்தார். 'உங்கள் கருத்துக்கு நன்றி. அதை எட்டுப் பகுதிகளாகவும் கவனத்தில் எடுத்தோம்' என்று அவள் எழுதிய பதிலை பிரெட் கோல்டர் பார்த்து, 'எட்டு' என்பதை மட்டும் நீக்கச் சொன்னார்.

பிரெட் கோல்டர்தான் கழகத்தின் ஆட்டத்துக்கும் பிராண்டுக்கும் பொறுப்பான பெரிய மனேஜர். ஆட்டம் போய்விட்டதால் அவரிடம் இப்போது மிச்சமிருந்தது பிராண்ட்தான்.

தர்சினியின் உயிர் ஜெரார்டின் மேசையில் கிடந்த ஒரு படிவத்தில் இருந்தது. நிரந்தர வதிவிடத்துக்குக் கழகம் அவளை முன்மொழிகிற நாமினேஷன் படிவம். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஏழு வாரமாக அது தட்டில் கிடந்தது. அதன்மேல் ஒரு பழைய ஆட்ட அட்டவணை, அதன்மேல் ஒரு கோப்பி வட்டம். கேட்டபோதெல்லாம் ஜெரார்ட், "சீசன் கொஞ்சம் செட்டில் ஆகட்டும், டார்ஸ்" என்பார். அவளுடைய தற்காலிக விசா நவம்பரோடு முடிகிறது. வேலை போனால் அவளும், அவள் விசாவில் தொற்றிக்கொண்டிருக்கிற கணவன் யதுஷனும், டார்னெய்ட்டில் இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் தொடங்கிய மகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். கையெழுத்து விழுந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அவள் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாள்.

அந்த நேர்த்தியைப் பற்றி பிரெட்டுக்குத் தெரியாது. ஆனால் அவரும் பிள்ளையாரிடமே வந்து சேர்ந்தார்.

"டார்ஸ், உங்கள் ஆட்களுக்கு மலையடிவாரத்தில் ஒரு கோயில் இருக்கிறதல்லவா? யானைத் தலை. தடைகளை அகற்றுகிறவர்" என்றார், திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்ததும். "எங்களுக்குப் பதினான்கு தடை இருக்கிறது. பல்கலாசார வாரமும் வருகிறது. பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஆசீர்வாதம், நாலு படம். நீ ஒழுங்கு செய்."

மறுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு அவள் ஒழுங்கு செய்தாள். போகிற முப்பத்தொரு பேருக்கும் அறிவுறுத்தல் மின்னஞ்சல் ஒன்று அனுப்பினாள். சப்பாத்தைக் கழற்றவும். இறைச்சி சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். ஐந்தாவது குறிப்பு: தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக் கல்லில் எறிந்து உடைக்க வேண்டும், ஐயர் காட்டித் தருவார். மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்ப்பது அவள் தொழில். இரண்டு பேர் திறந்திருந்தார்கள். ஒருவர் அவள். மற்றவர் பேருந்துச் சாரதி.

புதன்கிழமை, கோயில் இருக்கிற 'த பேசின்' என்ற மலையடிவார ஊரில் ஜூன் மாதக் குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஆறரை அடி உயரத்து ஆட்டக்காரர்கள் வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில், ஒரு காலைத் தூக்கி மறுகாலை ஊன்றி, மறுகாலைத் தூக்கி முதற்காலை ஊன்றி, உண்மையான நீர்ப்பறவைகள் போலவே நின்றார்கள். வரவேற்புக் குழுத் தலைவர் ஞானசேகரம் ஜெரார்டுக்குப் பொன்னாடை போர்த்து, தமிழர்களுக்கும் பந்துக்கும் உள்ள ஈராயிரம் வருடத் தொடர்பைப் பற்றிப் இருபது நிமிடம் பேசினார். நான்கு பகுதியாக ஆடும் ஃபூட்டியில் ஒரு முழுப் பகுதி முடிகிற நேரம். ஜெரார்ட் கண்ணை மூடிக் கேட்டார். தியானம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அர்ச்சனை, நட்சத்திர முன்னணி வீரன் ஹாமிஷ் டோய்லின் பெயரில். அந்த சீசனில் அவன் உதைத்ததில் ஒன்பதுதான் நடுக் கம்பங்களுக்குள் போனது. முப்பத்தொன்று ஓரத்தில் போயிருந்தது.

"தங்கச்சி, தம்பியின்ர நட்சத்திரம் என்ன?" என்று ஐயர் கேட்டார்.

தர்சினி மொழிபெயர்த்தாள். "சஜிட்டேரியஸ் என்று அம்மா சொல்வார்" என்றான் ஹாமிஷ், மரியாதையாக.

"அது ராசியெல்லோ, அது மட்டும் காணாது. பரவாயில்லை, சுவாமி பேரிலையே செய்வம்."

பிறகு எல்லாரும் வாசலுக்கு நேரே இருந்த தேங்காய்க் கல்லடிக்கு வந்தார்கள். ஹாமிஷின் கையில் குடுமி வைத்த தேங்காயைக் கொடுத்தார்கள். கழகத்துப் படப்பிடிப்பாளன் குனிந்து கோணம் பார்த்தான். ஐயர் உள்ளே திரும்பிக் கற்பூரத் தட்டைத் தேடினார். பிரெட் தர்சினியின் தோளுக்குப் பின்னால் நின்று ஏதோ கேட்டார். அதே கணத்தில் ஐயரும் உள்ளிருந்து, "தங்கச்சி, தட்டு ரெடியோ?" என்றார்.

தர்சினி தலையை ஆட்டினாள்.

ஆட்டினாளா என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தாள். ஆட்டியிருப்பாள். மேலும் கீழுமாக அல்ல, இடமும் வலமுமாகவும் அல்ல. ஒரு காதைத் தோளுக்குக் கொண்டுபோய், அங்கே வைக்காமல் திருப்பிக் கொண்டுவந்து, மற்றக் காதையும் ஒருமுறை காட்டுகிற நம்மவர் ஆட்டம். பொறுங்கோ, விளங்குது, பாப்பம் என்பதற்கெல்லாம் அது ஒன்றுதான். ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டே பதில் வைத்திருக்கிற ஊரில் அதை ஆட்டும்போது கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

"கிக் இட், ஹாமோ!" என்று பிரெட் கத்தினார். "கேமராவுக்கு ஒன்று!"

நாலு வயதிலிருந்து தன் கைக்கு வந்த நீள்வட்டப் பொருள் எதையும் ஹாமிஷ் உதைத்தே பழகியிருந்தான். யோசிக்க அவனுக்கு நேரமிருக்கவில்லை; கால் யோசித்துவிட்டது. தேங்காயை இடுப்பளவில் நேராகப் பிடித்து, விட்டு, வெறுங்காலால் ஒரு உதை.

அந்த சீசனில் பெலிக்கன்ஸ் உதைத்த மிக நேரான உதை அதுதான். தேங்காய் சுழன்று எழும்பி, கார் நிறுத்துமிடத்தின் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கும் நட்டநடுவால் போயிற்று. ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி ஆரவாரித்தார்கள். அதற்குள் ஹாமிஷ் காலைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தான்.

எக்ஸ்ரேயில் பாதத்து எலும்பு இரண்டு உடைந்திருந்தது. தேங்காய் உடையவில்லை. யாரோ எடுத்துவந்து கொடுக்க, ஐயர் அதையே கல்லில் அடித்து உடைத்துக் காரியத்தை முடித்தார்.

'பயிற்சிச் சுமையால் பாதத்தில் சிறு அசௌகரியம்' என்று கழகம் அறிக்கை விட்டது. ஞானசேகரம் தர்சினியைத் தொலைபேசியில் பிடித்து, "பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாத. கண்ணூறு கழிஞ்சு போச்சு. இனிப் பார், சனிக்கிழமை வெற்றிதான்" என்றார். சனிக்கிழமை தொண்ணூற்று நான்கு புள்ளியால் தோற்றார்கள்.

திங்கட்கிழமை பிரெட் எழுதிய சம்பவ அறிக்கை அவள் மின்னஞ்சலுக்கு வந்தது. மூன்றாவது பந்தியை அவள் ஐந்து முறை வாசித்தாள். 'சமூக வழக்கப்படி தேங்காயை உதைக்கலாமா என்று கலாசாரத் தொடர்பாளரிடம் கேட்கப்பட்டது. அவர் சம்மதித்தார். வீரர் அந்த அறிவுறுத்தலின்படி நடந்துகொண்டார்.' கலாசாரத் தொடர்பாளர் என்று ஒரு பதவி கழகத்தில் கிடையாது. பழியைச் சுமக்க ஆள் தேவைப்பட்ட அன்றே உருவாக்கப்பட்டு, அன்றே அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

வீட்டில் யதுஷன் அறிக்கையை வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு அவள் முன்னால் இருந்தான்.

"தர்சி, நீ தலையாட்டினனியோ?"

"தெரியேல்லயப்பா."

"தலை உன்ரதுதானே?"

"ஐயர் தட்டுக் கேட்டவர். அவருக்கு ஆட்டினனோ, இந்தாளுக்கு ஆட்டினனோ, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஆட்டா ஆட்டினனோ, எனக்கெப்பிடித் தெரியும்?"

"கழகத்தின்ர கேமராக்காரன் எடுத்திருப்பான்தானே?"

"அதை பிரெட் அண்டைக்கே அழிக்கச் சொல்லிட்டார். வீரரின்ர மரியாதைக்காகவாம்."

யதுஷன் பெருமூச்சு விட்டு, ஒரு காதைத் தோளுக்குக் கொண்டுபோனான்.

"ஆட்டாதேங்கோ!" என்று அவள் கத்தினாள். அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் பயந்து எட்டிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனேதான் சொன்னான். "பாலேஸ்வரி அன்ரி கோயில்ல லைவ் போடுறவ எல்லோ? ஒரு பூசை விடமாட்டா."

பாலேஸ்வரி அன்ரி கிளென் வேவர்லிக்காரி. கோயிலில் மாலை கட்டுகிறவர். ஒரு கையால் மாலையும் மறு கையால் ஃபேஸ்புக்கும் பிடிப்பார். புதன்கிழமை வாசற்படியில் கையை உயர்த்தியபடி நின்றது தர்சினிக்கு ஞாபகம் வந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்தாள். உடனே மறுபடி கீழே வைத்தாள். பிரெட் கத்தியது அதில் இருந்தால், தன் தலையாட்டமும் அதில் இருக்குமே.

செவ்வாய்க்கிழமை மதியம் அழைத்தாள்.

"ஓம் பிள்ளை, லைவ் போட்டனான். கனடாவில இருந்தெல்லாம் பாத்தவை."

"அன்ரி, எனக்கு அதைப் பாக்கேலாமக் கிடக்கு. ஃபிரெண்ட்ஸ் மட்டும்தான் பாக்கலாமாம். நான் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறன்."

"எனக்கு ஒரு நாளைக்கு முப்பது வருது பிள்ளை. எல்லாம் அமெரிக்க ஆமிக்காரர். ஒருத்தருக்கும் பெண்சாதி இல்லையாம். நான் ஒண்டும் எடுக்கிறேல்ல."

"என்ரதை எடுங்கோ அன்ரி. தர்சினி யதுஷன்."

"பாக்கிறன், பாக்கிறன். ஆனா அதில கொக்கு ஒண்டுதான் நிக்குது."

"அது கொக்கில்லை, பெலிக்கன். கழகம் எல்லாரையும் அந்தப் படம்தான் போடச் சொன்னது. அன்ரி... அந்த வீடியோவில நான் தெரியிறனோ?"

"நான் திருப்பிப் பாக்கேல்ல பிள்ளை. அடுப்பில கறி கிடக்கு. வைக்கிறன்."

புதன்கிழமை முழுக்க அன்ரி எடுக்கவில்லை. அன்றைக்கு உறுப்பினர்களிடமிருந்து வந்த அறுபத்திரண்டு அழைப்புகளுக்கும் தர்சினி பதில் சொன்னாள். ஒரு பெண், கழகம் தன் கணவனின் இரத்த அழுத்தத்தை என்ன செய்திருக்கிறது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று தர்சினி மனதாரச் சொன்னாள்.

வியாழக்கிழமை ஒன்பது நாற்பத்தைந்துக்கு, கழகக் கழிவறையின் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. பாலேஸ்வரி மகாதேவன் உங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டு வீடியோவை அழுத்தினாள்.

பிள்ளையார் தெரிந்தார்.

அலங்காரத்தில், பட்டு உடுத்தி, முகம் நிறையச் சாந்தமாக இருந்தார். ஒரு நிமிடம் ஆனது, பிள்ளையார்தான். மூன்று நிமிடம் ஆனது, பிள்ளையார்தான். அன்ரியின் கை ஓர் அங்குலம் அசையவில்லை. அத்தனை பேர் ஆறரை அடி உயரத்தில் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போதும், பூசை நேரத்தில் சுவாமியை விட்டுக் கண்ணையோ கேமராவையோ திருப்பாத பக்தி அது. ஆனால் சத்தம் இருந்தது. "தங்கச்சி, தட்டு ரெடியோ?" என்று ஐயர். பிறகு, அன்ரியின் காதுக்குள்ளேயே நின்று கத்தியதுபோலத் தெளிவாக, "கிக் இட், ஹாமோ! கேமராவுக்கு ஒன்று!" பிறகு ஒரு மொத்தென்ற சத்தம். ஆரவாரம். அலறல். "ஐயோ பிள்ளையாரே" என்று அன்ரி. அப்போதும் படத்தில் பிள்ளையார் அசையாமல் இருந்தார்.

தர்சினியின் குரல் எங்கும் இல்லை. தலை எங்கும் இல்லை. அவள் தலையாட்டியதைப் பார்த்தது பிள்ளையார் ஒருவர்தான், அவரோ சொல்லப்போவதில்லை.

விசாரணை ஜெரார்டின் அறையில், மூன்று பேர் முன்னால். ஜெரார்ட், பிரெட், சீசனை மதிப்பிட வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் ஆலோசகப் பெண்மணி. பிரெட் தொடங்கினார்.

"யாரையும் குற்றம் சொல்வது நோக்கமல்ல, டார்ஸ். உண்மையை உரிமையோடு ஏற்றுக்கொள்வதுதான் எங்கள் கலாசாரம். நீ தலையசைத்தாய். எல்லாரும் பார்த்தோம்."

"எல்லாரும் பார்த்ததை ஒருவர் பதிவும் செய்திருக்கிறார்" என்றாள் தர்சினி. குரல் அவளுடையது போலவே இல்லை. தொலைபேசியை மேசையில் வைத்து அழுத்தினாள்.

மூன்று பேரும் குனிந்து பிள்ளையாரைப் பார்த்தார்கள். பிள்ளையார் அவர்களைப் பார்த்தார். பிரெட்டின் முகத்தில் ஒரு நிம்மதி பரவத் தொடங்கிய நேரத்தில் அவருடைய குரலே அறையை நிறைத்தது. ஆலோசகர் திருப்பிப் போடச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

"சூழலையும் பார்க்க வேண்டும்" என்றார் பிரெட்.

"சூழல் நன்றாகக் கேட்கிறது" என்றார் ஆலோசகர், எழுதிக்கொண்டே.

ஜெரார்டுக்கு வேறு கவலை. "இதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?"

"இருநூற்றுப் பன்னிரண்டு பேர். யாழ்ப்பாணம், டொரொன்டோ, பாரிஸ்."

ஜெரார்டின் முகம் வெளுத்தது. "என்ன எழுதியிருக்கிறார்கள்? வாசி."

தர்சினி வாசித்தாள். "'பட்டு எங்கே எடுத்தது?' 'அலங்காரம் மிக அருமை.' 'அன்ரி, உங்கட முழங்கால் நோ எப்படி?' 'பின்னால் சத்தம் போடுகிறவர்கள் கொஞ்சம் பக்தியாக நிற்கக்கூடாதோ?'"

"அவ்வளவுதானா?"

"இதுவரைக்கும்."

இந்தச் சொல் வேலை செய்தது. ஆலோசகரையும் பிரெட்டையும் வெளியே அனுப்பிவிட்டு ஜெரார்ட் கதவைச் சாத்தினார். மூன்றாவது பந்தி நீக்கப்படும் என்றார். கலாசாரத் தொடர்பாளர் என்கிற பதவியும் நீக்கப்படும் என்றார். கழகம் அவளை எவ்வளவு மதிக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வீடியோவை இல்லாமல் செய்ய முடியுமா?" என்றார்.

"அன்ரியிடம் கேட்டுப் பார்க்கலாம்" என்றாள் அவள். "அவருக்கு என்மேல் நல்ல பாசம். நான் இங்கே மெல்பேர்னில் இருக்கும்வரைக்கும் கேட்கலாம்."

சொல்லிவிட்டு மேசையில் இருந்த தட்டைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பழைய அட்டவணையைக் கோப்பி வட்டத்தோடு அப்பால் தள்ளி, படிவத்தை எடுத்து, ஏழு வாரமாகச் செட்டில் ஆகாத சீசன் அந்த நிமிடமே செட்டில் ஆனதுபோலக் கையெழுத்துப் போட்டார். தர்சினி தானே ஸ்கான் செய்து தானே அனுப்பினாள். 'பெறப்பட்டது' என்ற பதில் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வருகிறவரைக்கும் அந்த ஸ்கானரை விட்டு நகரவில்லை.

பிறகு வெளியே நடைபாதைக்கு வந்து அன்ரியை அழைத்தாள். வார்த்தை தவறுகிறவள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. படிவம் போய்விட்டது; ஆனால் போனதைத் திருப்பி வாங்கவும் ஜெரார்டால் முடியும்.

"அன்ரி, பெரிய உதவி. வாற வெள்ளிக்கிழமை நூற்றெட்டுத் தேங்காய் உடைக்க வாறன்."

"சந்தோசம் பிள்ளை. அந்தக் கழகத்து ஆம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வராத."

"இல்லை அன்ரி. அதோட... அண்டைக்கு எடுத்த அந்த வீடியோவை ஒருக்கா அழிச்சுவிடுறியளோ?"

மறுமுனையில் அன்ரியின் குரல் உயர்ந்தது.

"பிள்ளையாரையோ அழிக்கச் சொல்லுறாய்?"

"அப்பிடியில்லை அன்ரி..."

"அண்டைக்குத்தான் புதுப்பட்டு சாத்தினது. வவுனியாவில என்ர மருமகள் சுலக்சனா ஒவ்வொரு நாளும் எழும்பி அதில முழிக்கிறாளாம். அதை அழிச்சா எனக்குப் பாவம் வரும், உனக்கும் வரும். வேற ஏதும் கேள், செய்யிறன்."

வைத்துவிட்டார்.

தர்சினி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். குளிர் காற்று அடித்தது. எதிரே பயிற்சித் திடலில் ஓர் ஆட்டக்காரன் தனியாக நின்று கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்கம் போயிற்று. மறுபடி உதைத்தான். வலப்பக்கம் போயிற்று.

பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெரார்ட். பொன்னாடை போர்த்திய அன்று காட்டிய அதே சிரிப்பு.

"டார்ஸ்! அன்ரியோடு பேசியாயிற்றா? எல்லாம் சரிதானே?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தலை அவளைக் கேட்காமலே ஒரு காதைத் தோளுக்குக் கொண்டுபோய், அங்கே வைக்காமல் திருப்பிக் கொண்டுவந்து, மற்றக் காதையும் காட்டியது.

"அருமை" என்றார் ஜெரார்ட். "அடுத்த வருடமும் கோயிலுக்குப் போவோம்."